இடப்பாதி கத்திக்கு, வலப்பாதி குளிருக்கு

அந்தக் கட்டடத்தில் முன்பு குடல்வால் எடுத்தார்கள், பித்தப்பைக் கல் எடுத்தார்கள், கிழிந்ததைத் தைத்தார்கள். அதெல்லாம் லாபமில்லாத வேலை என்று நிர்வாகத்துக்குப் பிற்பாடுதான் உறைத்தது. கல்லை எடுத்துக் கொடுத்தால் நோயாளி அதைப் புட்டியில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுகிறான். மறுபடி வருவதில்லை. தன் உடம்பைப் பிடிக்காதவனோ வந்துகொண்டே இருப்பான். ஆகவே ஆஸ்பத்திரி என்ற பலகையைக் கழற்றிவிட்டு 'உடல்வடிவ மேன்மை நிலையம்' என்று புதியதை மாட்டினார்கள்.

தொழிலாளர் மருத்துவத் திட்டத்தில் மட்டும் அந்தக் கட்டடம் இன்னும் ஆஸ்பத்திரியாகவே இருந்தது. மாற்று என்று யாரும் சொல்லவில்லை. சொல்லாததை யாரும் செய்யவுமில்லை. நீராவி அங்கே போய்ச் சேர்ந்தது அப்படித்தான்.

நீராவி என்பது சலவைக்கூடத்தில் வைத்த பெயர். ஒரு பெரிய தங்கும் விடுதியின் கீழ்த்தளத்தில், நீராவி இயந்திரத்தில் படுக்கை விரிப்புகளைத் தேய்ப்பது அவள் வேலை. தேய்ப்பதற்கு முன் ஈர விரிப்புகளைத் தொட்டியிலிருந்து அள்ளித் தூக்க வேண்டும். ஈரத்துணிக்குக் கனம் அதிகம். மூன்றாவது பிள்ளை பிறந்த பிறகு, அப்படித் தூக்கும்போது தொப்புளில் ஒரு கட்டி புடைத்துக்கொண்டு வந்தது. விரலால் அழுத்தினால் உள்ளே போய்விடும். மறுபடி தூக்கினால் மறுபடி வரும்.

வீட்டுப் பக்கத்து டாக்டர் தொட்டுப் பார்த்ததும் சொல்லிவிட்டார்: "இது கொழுப்பு இல்லம்மா, குடல். வயித்துச் சுவர்ல ஓட்டை விழுந்து அது வழியா எட்டிப் பாக்குது. அழுத்தினா உள்ள போற வரைக்கும் பரவாயில்ல. ஒரு நாள் போகாம கல்லு மாதிரி நின்னுடுச்சுன்னா உயிருக்கே ஆபத்து. அதுக்கு முன்னாடி தச்சு மூடிக்கோ."

அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியது. ஒரு ஓட்டை, அதை மூடும் ஒரு தையல். திட்டத்தில் பணம் கட்டத் தேவையில்லாத இடம் அந்த ஒரு கட்டடம்தான். எதிர்ச் சாரியில் ஓர் அவசர ஆஸ்பத்திரி இருந்தது. ஆனால் அங்கே சாகக் கிடப்பவர்களை மட்டும்தான் சேர்த்துக்கொள்வார்கள். மற்றவர்களுக்கு இடமில்லை.

துணைக்கு நாத்தனார் வந்தாள். அவள் தையல் கடை வைத்திருப்பவள். வாயும் கத்தரியும் ஒரே கூர்.

நிலையத்தின் வாசலே ஒரு பரீட்சையாக இருந்தது. கண்ணாடிச் சுவரில் ஒரு பெண் உருவத்தின் அளவுக்குத் துளை வெட்டியிருந்தார்கள். கழுத்து நீண்டு, இடுப்பு ஒடுங்கி, தொடை இளைத்த உருவம். அதன் வழியாக இடிபடாமல் நுழைகிறவர்களுக்கு உள்ளே வேலை இல்லை. இடிபடுகிறவர்களுக்குத்தான் வேலை. ஆனாலும் நுழைவது அதன் வழியாகத்தான். பின்னாலிருந்து பிடித்துத் தள்ளுவதற்குக் கையுறை போட்ட ஒரு காவலாளி நின்றான்.

"அண்ணி, இழுங்க! கதவுலயே வெச்சு வெட்டிடுவாங்க போல இருக்கு" என்று நாத்தனார் பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாக நின்று கத்தினாள். காவலாளி மரியாதையாகத் தள்ளினான்.

வரவேற்பில் இருந்த பெண் சிரித்த முகத்தோடு கேட்டாள்: "முன்னா, பின்னா?"

"என்னம்மா?"

"இங்க நோயாளின்னு யாரும் கிடையாதுங்க. வர்றவங்க எல்லாரும் முன். முடிஞ்சு போறவங்க எல்லாரும் பின். நீங்க முன் தானே?"

"அப்ப நான் யாரு?" என்றாள் நாத்தனார்.

அந்தப் பெண் அவளை மேலும் கீழும் பார்த்தாள். "நீங்க இன்னும் முடிவு பண்ணாத முன்."

பிறகு கணினித் திரையைப் பார்த்துக்கொண்டே நீராவியிடம் கேட்டாள்: "உங்க உடம்புல எந்த இடம் பிடிக்கல?"

"பிடிக்காம இல்லம்மா. இங்க வலிக்குது."

அந்தப் பெண் தேடினாள். நல்ல பெண்தான். உண்மையாகவே தேடினாள். "தாடை இருக்கு, கன்னம் இருக்கு, கை, வயிறு, தொடை, முழங்காலுக்கு மேல வர்ற மடிப்பு... வலி இல்லையேக்கா."

"எனக்கு இருக்கே."

"திரையில இல்லக்கா." பக்கத்து இருக்கைப் பெண்ணும் எட்டிப் பார்த்துத் தேடினாள். இருவருமாகச் சேர்ந்து உதட்டைப் பிதுக்கினார்கள். கடைசியில் அவளுக்கு ஒரு வழி தோன்றியது. "வயிறு பிடிக்கலன்னு போட்டுக்கறேன். வலி அதுக்குள்ளயே அடங்கிடும்."

இப்படியாக நீராவி, தன் வயிற்றைப் பிடிக்காத ஒரு முன் ஆனாள்.

அந்த நிலையத்துக்கு இரண்டு பிரிவுகள். இடப்பக்கம் அறுவைப் பிரிவு. வலப்பக்கம் அறுவையில்லாப் பிரிவு. இந்தப் பக்கத்துக்காரர்கள் அந்தப் பக்கத்துக் குழாயில் கை கழுவமாட்டார்கள். எந்த முன் வந்தாலும் இரண்டு தலைமை டாக்டர்களும் எதிரெதிரே நின்று தத்தம் பெருமையைச் சொல்ல வேண்டும். அந்த முன் இரண்டையும் கேட்டுவிட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும். இதற்கு ஒப்பீட்டு ஆலோசனை என்று பெயர். நடுவில் ஒரு மணல் கடிகாரம். அதன் இடுப்பைக்கூட மேலும் ஒடுக்கிச் செய்திருந்தார்கள். அதனால் மணல் அடிக்கடி அடைத்துக்கொண்டு, பேச்சு நீண்டுகொண்டே போகும்.

முதலில் அறுவைப் பிரிவின் தலைவர். நாத்தனார் அவருக்குக் கத்தி டாக்டர் என்று அப்போதே பெயர் வைத்துவிட்டாள்.

"நான் நேரடியான ஆளும்மா" என்று தொடங்கினார் கத்தி டாக்டர். "துளை போடுவோம், குழாய விடுவோம், உறிஞ்சுவோம். தொங்குற தோல வெட்டிட்டு மிச்சத்த இழுத்துத் தைப்போம். எடுத்தது எடுத்ததுதான், புட்டியிலயே காட்டுவோம். கொஞ்ச நாள் நிமிர முடியாது. இறுக்குச் சட்டைய ராப்பகலா போட்டிருக்கணும். சிரிக்கக்கூடாது, தும்மக்கூடாது. சில பேருக்கு அந்த இடம் மரத்துப் போகும். சில பேருக்கு ரத்தம் கட்டும். ரொம்ப ரொம்பச் சில பேரு கண்ண முழிக்கறதில்ல. ஆனா முழிச்சவங்கள்ல எல்லாருமே திருப்தின்னுதான் சொல்லியிருக்காங்க."

மணல் விழுந்து முடிந்தது. அறுவையில்லாப் பிரிவின் தலைவர் குளிருக்குப் போடுகிற கழுத்துத் துணியோடு எழுந்தார். அவருடைய பிரிவு எப்போதும் சில்லென்று இருக்கும். அவர் குளிர் டாக்டர் ஆனார்.

"ரத்தம், புட்டி! இது கசாப்புக் கடையா அம்மா?" என்றார் குளிர் டாக்டர். "எங்ககிட்ட கத்தியே கிடையாது. உறிஞ்சுற கிண்ணம் ஒண்ண வயித்துல கவுத்து வெச்சு உறைய வைப்போம். கொழுப்பு தானா செத்து, தானா கரைஞ்சு, தானா போயிடும். சாப்பாட்டு இடைவேளையில வந்துட்டுப் போயிடலாம். வித்தியாசம் எப்பத் தெரியும்னு மட்டும் கேக்கக்கூடாது. தெரியலன்னா மறுபடி வரணும். அப்பவும் தெரியலன்னா உங்க எதிர்பார்ப்ப நாங்க இளைக்க வைப்போம், அதுக்குத் தனி ஆலோசகர் இருக்காரு. எப்பவாவது ஒருத்தருக்கு உறைய வெச்ச இடம் சுருங்கறதுக்குப் பதிலா பெருத்துடும்."

"பெருத்துட்டா?" என்றாள் நீராவி.

"பயப்படாதீங்க. அத அந்தப் பக்கம் வெட்டி எடுத்துடுவாங்க."

"அதே மாதிரி நாங்க உறிஞ்சின இடம் மேடும் பள்ளமுமா ஆச்சுன்னா" என்றார் கத்தி டாக்டர், "அவங்க சூடு வெச்சு நிரவிக் குடுப்பாங்க."

இந்த இரண்டு விஷயங்களைச் சொல்லும்போது மட்டும் இருவர் குரலிலும் பகை இல்லை.

"நல்லா இருக்கே!" என்றாள் நாத்தனார். "அங்க கெடுத்தா இங்க, இங்க கெடுத்தா அங்க. நடுவுல ஒரு கட்டில் போட்டுக் குடுத்தீங்கன்னா நாங்க இங்கயே குடும்பம் நடத்திக்குவோம்."

நீராவி எழுந்து நின்றாள். பெரிய மனிதர்கள் முன்னால் பேசிப் பழக்கமில்லாதவள். வார்த்தைகளை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருந்தாள்.

"சார், எனக்குக் கொழுப்பெல்லாம் எடுக்க வேணாம் சார். இது குடல்னு சொன்னாங்க. ஓட்டைய மட்டும் தச்சுட்டீங்கன்னா போதும்." சொல்லிவிட்டு இருமிக் காட்டினாள். கட்டி புடைத்தது.

கத்தி டாக்டர் அதைத் தள்ளி நின்றே பார்த்தார். இதே கட்டடத்தில், பழைய பலகையின் காலத்தில், எத்தனையோ ஓட்டைகளைத் தைத்து மூடியவர் அவர். கண்ணை மூடிக்கொண்டு செய்வார் என்று பேர். இப்போது அவர் முகம், கல்யாண உடுப்பு தைப்பவனிடம் யாரோ பொத்தான் தைக்கச் சொன்னது போல ஆயிற்று.

"வெறும் தையலா? அது வடிவ வேலையில வராதேம்மா. தச்சா என்ன தெரியும்? வெளிய ஒண்ணுமே தெரியாதே."

"வெளிய தெரிய வேணாம் சார். உள்ள இருந்தா போதும்."

"அப்படிச் செஞ்சா உங்கள எப்படிப் பின்னுன்னு காட்டறது?" என்றார் குளிர் டாக்டர். அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை.

'தேர்ந்தெடுக்க மறுக்கிற ஒரு முன்' என்று சொல்லி அவளை இயக்குநரிடம் அனுப்பினார்கள்.

இயக்குநர் யாரோடு பேசினாலும் பக்கவாட்டில் திரும்பி நின்றுதான் பேசுவார். அது அவருடைய நல்ல பக்கம். அவர் நீராவியின் முகத்தைப் பார்க்கவில்லை. ஆனால் எதிர்ச் சுவரில் இருந்த கண்ணாடியில் அவள் வயிற்றைப் பார்த்தார். பார்த்ததும் அவர் கன்னம் பூரித்தது.

"டாக்டர்ஸ், கவனிச்சீங்களா? ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி!"

"ஆமா, ஒரே மாதிரி" என்றார் கத்தி டாக்டர்.

"அச்சு அசல்" என்றார் குளிர் டாக்டர்.

அந்த நிலையத்தின் வரலாற்றில் இருவரும் ஒத்துப்போன முதல் விஷயம் நீராவியின் வயிறு.

"கத்தியா, குளிரா? இந்தக் கேள்விதான் என்னைத் தூங்க விடறதில்ல" என்றார் இயக்குநர், சுவரைப் பார்த்து. "ஒருத்தருக்குக் கத்தி, இன்னொருத்தருக்குக் குளிர்னு பண்ணிப் பாத்தோம். அது நியாயமான ஒப்பீடு இல்ல. ஆளு வேற, வயிறு வேற. ஒரே வயித்துல ஒரு பாதி இவரு, மறு பாதி அவருன்னு பண்ணினாதான் உண்மை வெளிய வரும். அடுத்த வாரம் மாநாடு இருக்கு. எல்லாக் கிளையிலேர்ந்தும் வர்றாங்க. மேடையிலயே வெச்சுப் பண்ணிடுவோம். இடப்பாதி கத்திக்கு, வலப்பாதி குளிருக்கு."

நாத்தனாருக்குச் சிரிப்பு வந்தது. யாரும் சிரிக்காததைப் பார்த்ததும் நின்றுவிட்டது. "மனுஷி சார் அவங்க. ரெண்டு கடைக்காரங்க பங்கு போட்டுக்கற இடமா?"

"கட்டி போயிடுமா சார்?" என்று கேட்டாள் நீராவி.

"எல்லாம் போயிடும்மா."

"வேணாம் அண்ணி" என்றாள் நாத்தனார். "சார், வேற ஆஸ்பத்திரிக்கு மாத்தி எழுதிக் குடுத்துடுங்க. நாங்க போய்க்கறோம்."

"தாராளமா. இங்க சிகிச்சை முடிஞ்சதும் மாத்திக் குடுத்துடுவோம். முடியாம மாத்தறதுக்குத் திட்டத்துல வழி இல்ல."

வெளியே வந்ததும் நாத்தனார் சண்டை பிடித்தாள். "பைத்தியமா உங்களுக்கு? பாதி பாதியா அறுப்பானாம். ஜாக்கெட் துணியக்கூட நான் அப்படி வெட்டமாட்டேன்."

"போயிடும்னு சொன்னாரே."

"எது போயிடும்னு சொன்னாரு?"

நீராவி முந்தானையைக் கட்டியின் மேல் இழுத்து விட்டுக்கொண்டாள். அன்று காலையில் கட்டி உள்ளே போவதற்கு வழக்கத்தைவிட நேரமாகியிருந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. பயம் வந்தவளுக்குப் போயிடும் என்ற ஒரு வார்த்தை போதுமாக இருந்தது.

மாநாட்டுக்கு முந்தின நாள் எல்லை போட்டார்கள். அவளை மேடை மேல் நிறுத்தி, நூலில் ஈயக்குண்டு கட்டித் தொங்கவிட்டு, மார்பெலும்பிலிருந்து கீழே வரை ஊதாப் பேனாவால் ஒரு கோடு. கோடு நேராக வந்து கட்டியின் உச்சியில் ஏறி மறுபக்கம் இறங்கியது. அங்கேதான் தகராறு தொடங்கியது.

"இந்த மேடு எங்களது" என்றார் கத்தி டாக்டர். "இருமும்போது இடப்பக்கம் சாயுது பாருங்க."

"படுத்தா வலப்பக்கம் சாயுது. படுக்க வெச்சுத்தானே பண்றோம்?"

இரும வைத்தார்கள். படுக்க வைத்தார்கள். எழுப்பி நிறுத்தி மறுபடி இரும வைத்தார்கள். ஒரு உதவியாளர் இடப்பிரிவுக்காக நாடாவால் அளந்தார். இன்னொருவர் அதே இடத்தை வலப்பிரிவுக்காக அளந்தார். இருவருக்கும் வேறு வேறு அளவு வந்தது. வேலியில் நிற்கிற மரத்துக்காக அண்ணன் தம்பிகள் அடித்துக்கொள்வது போல இரண்டு படித்த மனிதர்கள் ஒரு பெண்ணின் தொப்புளுக்காக அடித்துக்கொண்டார்கள். மரத்திடம் யாரும் பேசுவதில்லை. அவளிடமும் பேசவில்லை.

ஒவ்வொரு இருமலுக்கும் அவளுக்குக் கண்ணில் நீர் வந்தது. "சார், ரொம்ப இருமினா வலிக்குது சார்."

"கொஞ்சம் பொறுங்கம்மா. உங்களுக்காகத்தானே இவ்வளவும்."

கடைசியில் இயக்குநர் பக்கவாட்டில் நின்றபடி தீர்ப்பு சொன்னார். கோட்டுக்கு இந்தப் பக்கம் மூன்று விரல், அந்தப் பக்கம் மூன்று விரல் பொது எல்லை. அதற்குள் கத்தியும் போகக்கூடாது, குளிரும் போகக்கூடாது. யார் தொட்டாலும் ஒப்பீடு கெட்டுவிடும். கட்டியைச் சுற்றிப் பச்சைப் பேனாவால் வட்டம் போட்டு உள்ளே 'தொடாதே' என்று எழுதினார்கள்.

அவள் உடம்பில் நோய் இருந்த இடம் ஒன்றே ஒன்று. அவர்கள் தொடுவதில்லை என்று முடிவு செய்த இடமும் அது ஒன்றே.

"அப்ப கட்டி?" என்றாள் நீராவி.

"கட்டின்னு சொல்லாதீங்க, கேக்க நல்லா இல்ல" என்றார் இயக்குநர். "மையப் பகுதின்னு சொல்லுங்க. ரெண்டு பக்கமும் இறங்கிட்டா அது தானா ஒரு சிகரம் மாதிரி எடுப்பா நிக்கும்."

"சிகரம் உங்க வீட்டுல நிக்கட்டும்!" என்று நாத்தனார் கத்தி முடிப்பதற்குள் அவளை வெளியே கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். முன்னோடு வந்தவர்கள் எல்லை போடும்போது இருக்கக்கூடாதாம்.

மாநாட்டன்று நிலையத்தின் அரங்கு நிரம்பி வழிந்தது. கழுத்தில் அட்டை மாட்டிய டாக்டர்கள், இயந்திரம் விற்பவர்கள், அவர்கள் கொடுத்த பைகள். முதலில் முன்படம் எடுத்தார்கள். விளக்கைக் கீழிருந்து மேலே அடித்தார்கள். முதுகைக் கூனச் சொன்னார்கள், வயிற்றைத் தள்ளச் சொன்னார்கள்.

"இன்னும் கொஞ்சம் சோகமா" என்றான் படக்காரன்.

அவள் கட்டியை நினைத்துக்கொண்டாள்.

"அருமை! அப்படியே இருங்க."

மேடை நடுவில் சக்கரம் வைத்த மேசை. அதில் அவள் மல்லாந்து படுத்தாள். உச்சந்தலையிலிருந்து கால்வரை ஒரு திரையை நெடுக்காகக் கட்டி அவளை இரண்டாகப் பிரித்தார்கள். இடது புறம் கத்தி டாக்டர், ஊசிகளோடு. வலது புறம் குளிர் டாக்டர், கிண்ணத்தோடு. திரையின் இடது பக்கம் உட்கார்ந்தவர்களுக்கு அவளுடைய இடது கண் தெரிந்தது. வலது பக்கத்தவர்களுக்கு வலது கண். முழு முகத்தைப் பார்க்கும்படி யாரையும் உட்கார வைக்கவில்லை. நாத்தனார் மட்டும் கடைசி வரிசையில் நின்று எக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இயக்குநர் பேசினார். "நண்பர்களே! இன்னிக்கு இந்த மேடையில இருக்கறது ஒரு பெண் இல்ல. ரெண்டு வாய்ப்பு!"

கைதட்டினார்கள்.

கிண்ணம் முதலில் வந்தது. வலப்பக்க வயிற்றில் கவிழ்ந்து, சர்ரென்று உறிஞ்சியது. சலவைக்கூடத்தில் இயந்திரம் விரிப்பைக் கவ்வி இழுக்குமே, அப்படி. தோலும் சதையும் ஒரு பக்கமாக இழுபட்டன. குளிர் எலும்பில் ஏறியது. உடம்பு தூக்கிப் போட்டது, அவள் இருமினாள். பச்சை வட்டத்துக்குள் கட்டி எழும்பியது. அவள் கையைக் கொண்டுபோய் அழுத்தினாள். அது போகவில்லை. மறுபடி அழுத்தினாள். விரலுக்குக் கீழே அது கல்லாக இருந்தது.

"சார், உள்ள போகல சார்."

"கைய எடுங்கம்மா, பொது எல்லையத் தொடாதீங்க" என்றார் குளிர் டாக்டர்.

"சார், கல்லு மாதிரி ஆயிடுச்சு சார். இப்படி ஆச்சுன்னா உயிருக்கு ஆபத்துன்னு..." முடிப்பதற்குள் குமட்டிக்கொண்டு வந்தது. ஒருக்களித்து வாந்தி எடுத்தாள்.

"வாந்தி உங்க பக்கம்தான் விழுந்திருக்கு" என்றார் கத்தி டாக்டர், திரைக்கு இந்தப் பக்கமிருந்து. "நான் இன்னும் ஊசியே போடல. எல்லாரும் பாத்துக்குங்க."

"வலி பொது எல்லையிலதான் இருக்கு. கிண்ணத்துக்கும் அதுக்கும் மூணு விரல் இடைவெளி விட்டிருக்கேன்" என்றார் குளிர் டாக்டர். "வேணும்னா அளந்து பாக்கட்டும்."

அளந்தார்கள். மூன்று விரல் இருந்தது. வலப்பக்கத்து வரிசைகள் கைதட்டின.

"டாக்டர், நீங்க அறுவை தெரிஞ்சவரு, அத ஒரு தடவை தொட்டுப் பாருங்களேன்" என்று முன்வரிசையில் ஒருவர் கத்தி டாக்டரிடம் சொன்னார்.

"தொட்டா ஒப்பீடு கெட்டுடுமே" என்றார் அவர். அவர் கண் அந்தக் கட்டியின் மேல் ஒரு கணம் நின்றது. அது என்ன என்பது அவருக்குத் தெரியும். அந்த அரங்கிலேயே நன்றாகத் தெரிந்தவர் அவர்தான். தெரிந்தவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு கையுறையைச் சரிசெய்தார்.

இயக்குநர் ஒலிபெருக்கியைப் பிடித்தார். "நண்பர்களே, பதற்றம் வேண்டாம். வலிங்கறது நம்ம அளவுகோல்ல இல்லாத விஷயம். நாம வடிவத்த மட்டும் கவனிப்போம்."

அதற்குள் கடைசி வரிசையிலிருந்து நாத்தனார் வந்துவிட்டாள். நாற்காலிகள் மேல் ஏறித்தான் வந்தாள். திரையைப் பிடித்து இழுத்ததில் அது கம்பியோடு விழுந்து கத்தி டாக்டரை மூடியது. கிண்ணத்தைப் பிடுங்கி எறிந்தாள். "அளவுகோலா? அந்தக் கோலாலயே நாலு போடணும் உங்களுக்கு! விலகுடா!" மேசையின் சக்கரப் பூட்டைக் காலால் எத்திவிட்டுத் தள்ளத் தொடங்கினாள்.

வாசலில் காவலாளி மறித்தான். மேசை அந்த மெல்லிய இடைத் துளைக்குள் போகவே போகாது. அவனுக்கு வேறு கவலை. "முன்னா, பின்னாங்க? பின்படம் எடுக்காம வெளிய விட முடியாது."

"நடுவுலடா, பாவி! ரெண்டுக்கும் நடுவுல செத்துக்கிட்டு இருக்காங்க!"

நீராவி நாத்தனாரின் புடவையைப் பிடித்து இழுத்தாள். பேச்சு வரவில்லை. மூச்சாகத்தான் வந்தது. "அழுக்குத் துணி... வெளிய போற வழி... எங்கேன்னு கேளுங்க."

எந்தக் கட்டடமாக இருந்தாலும் அழுக்குத் துணி தள்ளுவண்டியில் போவதற்கு ஓர் அகலமான பின்வழி இருக்கும். அதில் யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். வரவேற்புப் பெண் எழுந்து வந்து முன்னால் ஓடினாள். கதவுகளைத் திறந்து பிடித்தாள். சாலையைக் கடக்கும்போது வண்டிகளைக் கைகாட்டி நிறுத்தியதும் அவள்தான். இனி அந்த இருக்கைக்கு அவள் திரும்ப முடியாது என்று அவளுக்குத் தெரிந்திருக்கும்.

அவசர ஆஸ்பத்திரியில் நீராவியைச் சேர்த்துக்கொண்டார்கள். இப்போது அவளுக்குத் தகுதி வந்துவிட்டது.

டாக்டரம்மா வேறொருவருக்குக் கட்டுப் போட்டுவிட்டு வந்தாள். ஊதாக் கோட்டையும் பச்சை வட்டத்தையும் பார்த்தாள். 'தொடாதே' என்பதைப் படித்தாள். அதன் மேலேயே கையை வைத்து அழுத்தினாள்.

"எப்பலேர்ந்து வலிக்குது?"

நீராவிக்கு அழுகை வந்தது. இத்தனை நாளில் அவளிடம் யாரும் கேட்காத கேள்வி. டாக்டரம்மா பதிலுக்குக் காத்திருக்கவில்லை. "தியேட்டருக்குத் தள்ளுங்க. குடல் நெரிஞ்சிருக்கு. சீக்கிரம்!"

உள்ளே குடல் கறுத்துப் போயிருந்ததாம். சூடான உப்புநீரில் நனைத்த துணியைச் சுற்றிவைத்து, நிறம் திரும்புகிறதா என்று பார்த்துக்கொண்டே நின்றார்களாம். மெதுவாகத் திரும்பியதாம். இன்னும் கொஞ்சம் தாமதமாகியிருந்தால் வெட்டி எறிய வேண்டியிருந்திருக்கும் என்று டாக்டரம்மா பிறகு நாத்தனாரிடம் சொன்னாள். ஓட்டையைத் தைத்து மூடிவிட்டார்கள். கொஞ்ச மாதம் பாரம் தூக்கக்கூடாது, மடிக்கிற வேலை செய்யலாம். பிறகு எல்லா வேலையும் செய்யலாம்.

இரண்டாம் நாள் இயக்குநரும் நிலையத்தின் இரண்டு தலைமை டாக்டர்களும் வார்டுக்கு வந்தார்கள். இயக்குநர் கையில் பூங்கொத்து. அவர் கட்டிலுக்குப் பக்கவாட்டில் நின்றுகொண்டார்.

"பிழைச்சுக்கிட்டீங்க, சந்தோஷம்" என்றார். "ஒரு சின்ன விஷயம் பாக்கி நிக்குது."

"கடைசியில உங்கள காப்பாத்தினது கத்திதான்" என்றார் கத்தி டாக்டர். "அதனால ஒப்பீட்டுல அறுவைப் பிரிவு ஜெயிச்சதா முடிவு பண்றதுதான் முறை."

"கத்தி வெச்சது பொது எல்லையில. அது செல்லாது" என்றார் குளிர் டாக்டர். "வலப்பாதிக்கு மட்டும்தான் சிகிச்சை நடந்திருக்கு. இடப்பாதியில ஒண்ணுமே நடக்கல. இப்ப அளந்தா வலப்பக்கம்தான் இறங்கியிருக்கும். ஒரே ஒரு அளவு, அவ்வளவுதான்." கோட்டுப் பையிலிருந்து நாடாவை எடுத்தார்.

"சும்மா போர்வைய விலக்கினா போதும்" என்றார் இயக்குநர். "கூடவே திருப்தியா இல்லையான்னு ஒரு வார்த்தை. மாநாட்டுல எல்லாரும் கேக்கறாங்க."

நாத்தனார் நாற்காலியிலிருந்து எழுந்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் நீராவி அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். நாடாவைப் பார்த்தாள். அதைப் பிடித்திருந்த வழுவழுப்பான விரல்களைப் பார்த்தாள். அவை போர்வையின் ஓரத்தைத் தொட்டன.

"போங்க" என்றாள். குரல் எழும்பவில்லை.

"என்னம்மா? கேக்கல. திருப்தின்னா சொன்னீங்க?" இயக்குநர் காதை மட்டும் அவள் பக்கம் கொண்டுவந்தார்.

நீராவி மூச்சை இழுத்தாள். வயிறு முழுக்க இழுத்தாள். இடமும் வலமுமாக ஒன்றாக எழும்பிய மூச்சு அது.

"வெளிய போங்கடா!"

அடுத்த வார்டுவரை கேட்டது. ஒரு நர்ஸ் தட்டைக் கீழே போட்டாள். கழுத்துத் துணி நழுவ குளிர் டாக்டர் பின்னால் நகர்ந்து கத்தி டாக்டரின் காலை மிதித்தார். இயக்குநர் முதல் தடவையாக முழு முகத்தையும் திருப்பினார். அந்தப் பக்கம் அப்படியொன்றும் நன்றாக இல்லை.

"கையக் கொண்டு வந்தீங்கன்னா முறிச்சுடுவேன். என் வயித்த அளக்க நீங்க யாருடா? நான் செத்துக்கிட்டு இருக்கேன்னு சொல்றேன், மூணு விரல் இருக்கான்னு அளக்கறீங்க! போங்கடா!"

போனார்கள். பூங்கொத்து அவர்களோடேயே போயிற்று.

டாக்டரம்மா ஓடிவந்தாள். "யாரு கத்தினது? தையல் பிரிஞ்சிருந்தா என்ன பண்றது?" போர்வையை விலக்கி, கட்டை மெல்லத் தூக்கிக் குனிந்து பார்த்தாள். நாத்தனாரும் எட்டிப் பார்த்தாள். டாக்டரம்மா தையல் நெடுகிலும் விரலால் ஒற்றிக்கொண்டே போனாள்.

"தாங்கியிருக்கு" என்றாள் கடைசியில், தன் கைவேலையைத் தானே மெச்சிக்கொள்கிறவள் போல. பிறகு தலைமாட்டிலிருந்த தலையணையை எடுத்து நீராவியின் மடியில் போட்டாள். "இன்னொரு தடவை கத்தணும்னு தோணினா இத வயித்தோட இறுக்கி அணைச்சுக்கிட்டுக் கத்துங்க. வலிக்காது."

நீராவி வார்டின் வாசல் பக்கம் பார்த்தாள். நடைவழியின் கோடியில் அவர்கள் மூவரும் இன்னும் லிப்டுக்காகத்தான் நின்றுகொண்டிருந்தார்கள்.

அவள் தலையணையை எடுத்து வயிற்றோடு இறுக்கி அணைத்துக்கொண்டாள்.